கொசுறாக ஒரு கிணறு

வறட்டுப்பொட்டலில் அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. யாரும் அதைச் செலவழித்தால்தானே? தண்ணீருக்குத்தான் பஞ்சம்.

ஊர்க் கிணறு வற்றியதும் மாட்டுத் தரகர் மொக்கச்சாமியின் பெண்டாட்டி ஒச்சம்மாள் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பக்கத்து ஊரான ஊத்துப்பட்டியில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "இந்த ஊருக்குள்ள தண்ணி வந்தாத்தான் நான் வருவேன். அதுவரைக்கும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!" அன்றிலிருந்து மொக்கச்சாமி தானே பொங்கினார், தின்றுவிட்டுப் பொங்கினவனைத் திட்டினார்.

அப்போதுதான் சேதி வந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தேசம் ஏழை ஊர்களுக்கு உதவுகிறதாம். ஹில்டா என்றொரு அம்மா, தமிழ் படித்தவள், நாளைக்கு வருகிறாளாம். கேட்டதையெல்லாம் தரமாட்டாளாம். எது முதலில் வேண்டும் என்று ஊரே கூடி ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டுமாம்.

ஊர் கூடியது.

"ரோடுதான் முதல்ல," என்றான் தவசி. "வறுமை ஊரை விட்டுப் போகணும்ங்கிறாங்க. இந்த முள்ளுப் பாதையில அது எப்படிப் போகும்? கால்ல குத்துச்சுன்னா திரும்பி வந்துராது?"

நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

"ஆஸ்பத்திரி கேட்டா என்ன?" என்றாள் பூவாயி.

"அதுக்கு நோயாளி வேணுமே. யாரு படுக்குறது?" என்றது கூட்டம்.

"கட்டில் தருவாங்கன்னா நானே படுக்குறேன்," என்று தவசி பெருந்தன்மையாகச் சொன்னான்.

மொக்கச்சாமிக்குப் பொறுக்கவில்லை. துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கூறுகெட்ட பயலே! நாக்கு வறண்டு கிடக்கு, கட்டில் கேக்குதா உனக்கு? நமக்குக் கிணறுதான் வேணும். ஆனா கேக்கக் கூடாது!"

"கேக்காம எப்படி மாமா தருவாங்க?" என்றான் தவசி.

"சந்தையில நான் மாடு பிடிக்கிறதப் பாத்திருக்கியா? எந்த மாடு வேணுமோ அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன். வேற மாட்டைத் தடவிக் குடுப்பேன். ஆசையக் காட்டினா விலை ஏறிரும்டா! நாளைக்கு ரோடு, ரோடுன்னு கத்துங்க. கடைசியில, போனாப் போகுது தாயி, கொசுறா ஒரு கிணறு போடுன்னு நான் முடிச்சிருவேன். அதுவரைக்கும் தண்ணி ததும்புற ஊரு மாதிரி இருங்க."

சொன்னால் சொன்னபடி செய்கிற ஊர் அது.

மறுநாள் ஹில்டா ஜீப்பிலிருந்து இறங்கினாள். பின்னால் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியும் வந்து நின்றது. வற்றிய கிணற்றுக்குள் தவசி கைகாலை அடித்து நீந்திக்கொண்டிருந்தான். புழுதி மேலே எழும்பியது. பூவாயி காய்ந்த சேலையைக் கல்லில் அடித்து, முறுக்கிப் பிழிந்து, வெயிலில் காயப்போட்டாள். வாசல்தோறும் குடங்கள், கழுத்துவரை மணல். ஒரு பெரியவர் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தெருவைக் கடந்தார்.

"உங்களுக்குத் தண்ணீர்க் கஷ்டம் இல்லையா?" என்றாள் ஹில்டா.

"தண்ணியா!" மொக்கச்சாமியின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்துப் பேசினார். "தொல்லை தாங்கல தாயி. ராத்திரி தூக்கமே இல்ல. அலைச் சத்தம்."

"அப்படியானால் முதலில் எது வேண்டும்?"

"ரோடு!" என்று ஊரே கத்தியது.

"சரி, ரோடு." ஹில்டா லாரியைத் திருப்பச் சொன்னாள்.

குடத்தோடு போன ஒச்சம்மாளின் முதுகு மொக்கச்சாமியின் கண்ணுக்குள் வந்து நின்றது. முகத்தில் காட்டினால் தரகனா? "ரோட்டோட, கொசுறா, ஒரு கிணறு..."

"தண்ணீரே இல்லாத ஊர்கள் எவ்வளவோ இருக்கின்றன ஐயா. உங்களுக்குக் கொடுத்தால் அநியாயம்."

"கடைசியா என்ன சொல்ற?"

"முடியாது."

இந்த இடத்தில் சந்தையில் செய்வது ஒன்றுதான். மொக்கச்சாமி துண்டைத் தோளில் போட்டார். "நடங்கடா! எவனும் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா பேரம் போச்சு. தானா கூப்பிடுவா."

ஊரே நடந்தது. தவசியைக் கிணற்றிலிருந்து தூக்கிவிட்டார்கள். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

தனியாக நின்ற ஹில்டா தாகத்துக்கு ஒரு குடத்தைச் சாய்த்தாள். மணல் கொட்டியது. கிணற்றை எட்டிப் பார்த்தாள். தன் பாஷையில் ஏதோ திட்டிவிட்டு, "நில்லுங்கள்! கிணறே போடுகிறேன், வாருங்கள்!" என்று கத்தினாள்.

"பாத்தியா, எறங்கி வர்றா," என்று மொக்கச்சாமி பல்லுக்குள் சிரித்தார். "நிக்காதீங்க. இன்னும் கொஞ்சம் நடந்தா மோட்டாரும் தருவா."

அன்று ராத்திரி ஊத்துப்பட்டி எல்லையில் சொந்த ஊருக்கு முதுகைக் காட்டியபடி எல்லோரும் படுத்துத் தூங்கினார்கள். விடிந்ததும் பின்னாலிருந்து ஜீப்பும் ஹில்டாவின் சத்தமும் வந்தன. "தண்ணீர் வந்துவிட்டது! மோட்டாரும் மாட்டியாயிற்று! வாருங்கள்!"

"எந்திரிங்கடா. தொட்டியும் கட்டித் தர்றேன்னு சொல்லட்டும்."

சத்தம் ஊத்துப்பட்டிக்குள்ளும் கேட்டது. ஒச்சம்மாள் சொன்ன சொல் தவறாதவள். குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியில் புருஷன் ஊரையே கூட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

"யோவ், தண்ணி வந்துருச்சாமே, நான் வீட்டுக்குப் போறேன். நீ எங்கய்யா போற?"

அவள் கடந்து போனபோது மொக்கச்சாமியின் கழுத்து தானாகப் பின்னால் திரும்பப் போனது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்து நேராக வைத்துக்கொண்டார். "நீ போயிச் சோறாக்கு புள்ள. பேரம் முடிஞ்சதும் வந்துர்றேன்!"

பின்னாலேயே ஹில்டா தொட்டி தருகிறேன் என்றாள். நடந்தார்கள். ஆஸ்பத்திரியும் தருகிறேன் என்றாள், தவசிக்குக் கட்டில்கூடத் தருகிறேன் என்றாள். நடந்தார்கள். ஒருநாள் எதிரே கடல் வந்து பாதையை அடைத்தது.

ஊர் திகைத்து நின்றது. மொக்கச்சாமி ஒரு நிமிஷம் யோசித்தார்.

"தவசி, உனக்குத்தான் நீச்சல் தெரியும். நீ முன்னாடி போ!"