நீர்க்கடம்பின் கீழ்க்கிளை

பெரிய ஏரி ஒன்றின் நடுவே ஒரு நீர்க்கடம்ப மரம் நின்றது. அதன் உச்சியில் நாரைகள் குடியிருந்தன. நடுவில் நீர்க்காகங்கள், அதற்குக் கீழே கொக்குகள். எல்லாருக்கும் கீழே, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் நீண்டிருந்த ஒரு பெரிய கிளை மட்டும் காலியாகக் கிடந்தது.

கரிச்சிறகி என்ற நீர்க்காகத்துக்கு அந்த மரத்தில் குடியிருப்பதில் அப்படியொரு பெருமை! சிறகை விரித்துக் காயப்போடும்போதெல்லாம், "ஏரியில எத்தனை மரம் இருந்தா என்ன? மரம்னா எங்க மரம்தான்!" என்பாள். அது வெறும் பீற்றல் இல்லை. சென்ற வாரப் புயலில் கரையோர மரங்கள் பல வேரோடு சாய்ந்தன. நீர்க்கடம்பு ஒரு கிளையைக்கூட இழக்கவில்லை.

குறை என்றால் ஒன்றே ஒன்று. அந்தி மயங்கியதும் ஒரு சாரைப்பாம்பு நீந்தி வரும். காலிக் கிளையில் தொற்றி மேலே ஏறும். அந்த நேரத்தில் பகல் பறவைகளுக்குக் கண் மங்கிவிடும். போன பருவத்தில் கரிச்சிறகியே தன் முட்டைகளை அதற்குப் பறிகொடுத்தாள். இந்தப் பருவத்து முட்டைகளை அவள் நெஞ்சுக்கடியில் வைத்துக் காத்து வந்தாள்.

அப்படியிருக்க, ஒரு நாள் செங்கண்ணி என்ற வக்கா தன் கூட்டத்தோடு வந்து நின்றாள். வக்காக்கள் இரவில் மீன் பிடிக்கும் பறவைகள். புயலில் அவர்கள் குடியிருந்த மரமே போய்விட்டது.

"ஐயா, அந்தக் காலிக் கிளையை எங்களுக்குக் கொடுங்க! எனக்கு முட்டையிடும் நேரம் நெருங்கிருச்சு. கூடு இல்லேன்னா முட்டை தண்ணியிலதான் விழும்!" என்று மரத்தின் தலைவரிடம் கெஞ்சினாள்.

மரத்தில் யாருக்கும் புதிதாக இடம் கொடுப்பதென்றால் மூவர் சபை கூட வேண்டும். தலைவர் நெட்டைக்காலன் என்ற நாரை. மற்ற இருவர் கரிச்சிறகியும் வெள்ளையன் என்ற கொக்கும். சபைக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. சம்மதம் சொல்பவர் தன் கூட்டிலிருந்தே ஒரு குச்சியை உருவி, கிளைகள் பிரியும் நடுக்கவட்டையில் வைக்க வேண்டும். சம்மதமில்லை என்பவர் சும்மா இருந்தால் போதும். மறுப்பதற்குச் செலவே இல்லை!

வெள்ளையன் முதலில் கழுத்தை நீட்டினான்.

"கூடவே கூடாது! கிளை முறியும். மீன் பத்தாது. மரத்தோட அழகு கெட்டுப்போகும்!"

நெட்டைக்காலனுக்கு யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை. "முதல்ல நேர்ல போய்ப் பார்ப்போம். பிறகு பேசுவோம்" என்றார்.

மூவரும் உச்சிவெயிலில் கிளம்பிப் போனார்கள். சாய்ந்த மரத்தின் மேல் வக்காக்கள் தோளுக்குள் தலையைப் புதைத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தன. திரும்பி வந்ததும் வெள்ளையன் ஊரைக் கூட்டிவிட்டான்.

"பார்த்தீங்களா? பட்டப்பகல்ல தூக்கம்! சோம்பேறிக் கூட்டம்! இதுங்களுக்கா நம்ம மரத்துல இடம்?"

பின்னாலேயே வந்திருந்த செங்கண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு அது உச்சிவெயில். எங்களுக்கு நடுராத்திரி! நீங்க தூங்குற நேரத்துல நான் வந்து பார்த்தா, உங்களையும் சோம்பேறின்னுதான் சொல்லுவேன்!" என்றாள்.

நெட்டைக்காலன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டார். பிறகு, "மழைக்காலம் முடியட்டும், பார்க்கலாம்" என்றார்.

"மழைக்காலம் முடியுற வரைக்கும் முட்டை காத்திருக்குமா, ஐயா?" என்று கேட்டுவிட்டு, செங்கண்ணி அழுதபடி திரும்பினாள்.

பறிகொடுத்த முட்டைகளின் அருமை கரிச்சிறகிக்குத் தெரியாதா? அதைவிட, தன் மரத்தின் வாசலில் ஒருத்தி அழுது திரும்புவதை அவளால் தாங்க முடியவில்லை. ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட மரமாயிற்றே!

"வெள்ளையா! புயல்ல முறியாத கிளையா, நாலு வக்கா உட்கார்ந்தா முறியும்? அவங்க ராத்திரி மீன் பிடிக்கிறவங்க, நாம பகல்ல பிடிக்கிறவங்க. அந்தக் கிளையில உனக்கு அப்படி என்ன இருக்கு? உண்மையைச் சொல்லு!" என்று அதட்டினாள்.

வெள்ளையன் நெளிந்தான். "அங்கே கூடு கட்டினா... தண்ணியில என் நிழல் சரியாத் தெரியாது!" என்று முனகினான்.

மரம் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கரிச்சிறகி மட்டும் சிரிக்கவில்லை.

"தலைவரே, உங்க கூட்டோட அடியில கறுத்துப்போன ஒரு குச்சி இருக்கே, அது யாரு கொடுத்தது?"

"அதுவா? எங்க முன்னோர் இங்க வந்தப்போ நீர்க்காகங்க வச்ச சம்மதக் குச்சி. கூட்டுக்கு முதல் குச்சியே அதுதான். வழிவழியாப் பேணி வர்றோம்" என்றார் அவர்.

"என் கூட்டு அடியில இருக்கிறதும் இன்னொருத்தர் கொடுத்ததுதான். வெள்ளையன் கூட்டுலயும் அப்படித்தான். இடம் கொடுத்து இடம் கொடுத்து வளர்ந்த மரம், தலைவரே! அதுதான் நம்ம பெருமை. அதை மழைக்காலம் முடியட்டும்னு தள்ளிவைக்கலாமா?"

சொல்லிவிட்டுத் தன் கூட்டுக்குப் பறந்தாள். அலகில் அகப்பட்ட உதிரிக் குச்சியை அவள் எடுக்கவில்லை. நல்ல கெட்டியான குச்சியாகப் பார்த்து உருவினாள். கூடு ஒரு பக்கம் சற்றே சரிந்தது. அந்தக் குச்சியைக் கொண்டுவந்து நடுக்கவட்டையில் வைத்தாள்.

நெட்டைக்காலன் தலை குனிந்தார். பிறகு தூக்கிய காலை ஊன்றினார். மேலே பறந்து போய்த் தன் கூட்டிலிருந்து ஒரு குச்சியோடு வந்தார். வெள்ளையன் சும்மா இருந்தான். மூவரில் இருவர் சம்மதித்தாயிற்று, முடிவும் ஆயிற்று!

செங்கண்ணி இரண்டு குச்சிகளையும் கொண்டுபோய்க் கீழ்க்கிளையில் குறுக்காக வைத்தாள். அதன்மேல் கூடு எழுந்தது. அதிலேயே முட்டையும் இட்டாள். மற்ற வக்காக்களும் வரிசையாகக் கூடு கட்டின.

ஒரு நாள் அந்தியில் சாரைப்பாம்பு வழக்கம்போல் நீந்தி வந்தது. காலிக் கிளை என்று நினைத்து எம்பித் தலையை வைத்தது. அப்போதுதான் தூங்கி எழுந்திருந்த செங்கண்ணியின் சிவந்த கண்கள் அதைப் பார்த்துவிட்டன.

"குவாக்! பாம்பு! பாம்பு!"

கூட்டம் மொத்தமும் பாய்ந்தது. தலையில் ஒரு கொத்து, வாலில் ஒரு கொத்து! தப்பித்தோம் பிழைத்தோம் என்று சாரை தண்ணீரில் விழுந்து ஓடியது. அதன் பிறகு அது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவேயில்லை.

மேலே, சரிந்த கூட்டில் கரிச்சிறகியின் முட்டைகள் பத்திரமாக இருந்தன.

"அக்கா, நீங்க நிம்மதியாத் தூங்குங்க. எங்களுக்கு இப்பத்தான் பொழுது விடியுது!" என்று கீழிருந்து குரல் கொடுத்தாள் செங்கண்ணி.

மறுநாள் பக்கத்து மரத்துப் பறவைகளிடம் வெள்ளையன் மார்தட்டிக்கொண்டிருந்தான். "எங்க மரம் ராத்திரியும் பகலும் விழிச்சிருக்கிற மரம்! வக்காக்களுக்கு நாங்கதான் இடம் கொடுத்தோம்!"

அந்த 'நாங்க'வைக் கேட்டுக் கரிச்சிறகிக்குச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் சிறகை முன்னைவிட அகலமாக விரித்துக்கொண்டு, "மரம்னா எங்க மரம்தான்!" என்றாள்.

வந்தவருக்கு இடம் கொடுக்கும் ஊரே இருப்பவருக்கும் அரணாகும்.