உங்களிடமும்

கிளாரா டீச்சருக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட மதர் ஹில்டாவுக்கு நாற்பத்தாறு. வயதைப் பார்த்தால் கேள்வி கேட்க முடியாது என்று டீச்சரே சொல்லிக்கொள்வார்.

மாதம் ஒருமுறை பஸ் பிடித்து மலையடிவாரத் தியான இல்லத்துக்கு வருவார். மதரிடம் ஒரு கேள்வி கேட்பார். பதிலை நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பிப் போவார்.

போன வருடம் டவுனில் ஆறு மாதம் மனவள ஆலோசனை படித்தார். சான்றிதழுக்குச் சட்டம் போட்டு, ஹாலில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியாயிற்று. அன்றிலிருந்து பங்குக் கோயிலில் சனிக்கிழமைதோறும் பெண்களுக்கு வகுப்பு. நாற்பது பேர் வந்தார்கள். மனதைப் பற்றிப் பேச யாருக்குத்தான் பிடிக்காது?

இந்த முறை அவர் மாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்து நின்றார்.

"மதர், மனசு அடைக்குது. எனக்கு ஏதாவது பயிற்சி சொல்லுங்க."

"இப்ப என்ன பயிற்சி செய்றீங்க?"

டீச்சர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். வகுப்புக்காக அவரே டைப் அடித்து நகல் எடுத்தது.

"கண்ணாடிப் பயிற்சி. தினமும் காலையில கண்ணாடி முன்னால நின்னு, நம்ம கண்ணை நாமளே பார்த்து, நான் என்னை மன்னிக்கிறேன்னு சொல்லணும். அதை நம்ம பூசையில சொல்ற பாவ அறிக்கையோட சேர்த்துட்டேன். ஆண்டவர் சொன்னதும் அதானே மதர்? தன்னை நேசிக்கிற மாதிரி அடுத்தவனை நேசின்னா, முதல்ல தன்னை நேசிக்கத் தெரியணும்ல?"

"வகுப்புல யாருக்காவது குணம் தெரிஞ்சுதா?"

"புருஷன்கிட்ட இருபது வருஷம் அடி வாங்கின அம்மா ஒருத்தங்க. இப்பத்தான் தலை நிமிர்ந்து நடக்கிறாங்க."

"நல்லது. உங்களுக்கு?"

டீச்சர் பையின் ஜிப்பை மூடினார்.

"எதுக்காக உங்களை மன்னிக்கிறீங்க டீச்சர்?"

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு, பங்கில் ஜெசிந்தா என்ற பெண்ணுக்குத் கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்த பிறகுதான் கல்யாணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். இரண்டாம் ஓலை வாசித்து, பூசை முடிந்ததும், கிளாரா டீச்சர் பீடத்தருகே போய் ஃபாதரிடம் சொன்னார்: இந்தப் பெண்ணை ரிஜிஸ்தர் ஆபீசில் பார்த்தேன், மாலையும் கையுமாக நின்றாள், ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை அங்கேயே நின்றிருந்தாள். மூன்றாம் ஓலை வாசிக்கவே இல்லை. கல்யாணம் நின்றுபோயிற்று.

ஜெசிந்தா அன்று ஒரு தோழிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போனவள். மாலை அந்தத் தோழியுடையது. ஆறு மாதம் கழித்து இது டீச்சருக்குத் தெரிந்தது. டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை.

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன் மதர். ஃபாதர் ஜெபமாலை அஞ்சு சொல்லச் சொன்னார். நான் அம்பது சொன்னேன்."

"ஃபாதர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"பிறத்தியாரைப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்னு."

"யாரைப் பத்தி, அதனால என்ன ஆச்சுன்னு?"

"அதெல்லாம் சொல்லணுமா மதர்?"

மதர் மறுபடி தாளைப் பார்த்தார். "சரி. இப்ப மட்டும் ஏன் அடைக்குது?"

"போன ஞாயிறு அதே ஜெசிந்தாவுக்கு முதல் ஓலை வாசிச்சாங்க. அவளுக்கு இப்ப வயசு நாப்பத்தொண்ணு. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர். எனக்குப் பின் பெஞ்சுல ஒருத்தி கேக்குறா, இது அந்த ரிஜிஸ்தர் கல்யாணப் பொண்ணுதானேன்னு. பக்கத்துல இருந்தவ, ஆமா, மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமோ என்னமோங்கிறா. நான் திரும்பிக்கூடப் பார்க்கல."

மதர் எழுந்தார். "இங்க கண்ணாடி கிடையாது. வாங்க."

சமையலறையில் சமையல்காரி இன்னாசியம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாதவள். ஒரு நாள்கூடப் பூசை தவறாதவள்.

"இவங்க முன்னால நின்னு, இவங்க கண்ணைப் பார்த்து உங்க பயிற்சியைப் பண்ணுங்க" என்றார் மதர்.

டீச்சருக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் குரு சொன்னால் செய்ய வேண்டும். தாளை மதரிடமிருந்து வாங்கிப் படித்தார். எல்லாம் வல்ல இறைவனிடமும் என்னிடமும் நான் பாவி என்று ஏற்றுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தது அது.

இன்னாசியம்மா கத்தியை நிறுத்தினாள்.

"டீச்சர், நடுவுல எங்களை விட்டுட்டீங்களே."

"எங்கே?"

"இறைவனிடமும், சகோதர சகோதரிகளே உங்களிடமும்னுல்ல வரும்? நீங்க என்னிடமும்னு படிக்கிறீங்க."

"அது பயிற்சிக்காக மாத்தினதும்மா. கண்ணாடி முன்னால நிக்கையில வேற யார் இருக்கா?"

"அதைத்தான் கேக்குறேன். நாங்கள்லாம் எங்க போனோம்?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டுக்கு முப்பது பேர்.

இருவரும் வராந்தாவுக்கு வந்தார்கள். டீச்சர் அந்த முதல் வரியை மறுபடி படித்துப் பார்த்தார்.

"அப்ப இந்தப் பயிற்சி தப்பா மதர்?"

"தப்பில்லை. அடி வாங்கினவங்களுக்கு நல்ல மருந்து. நீங்க அடி கொடுத்தவங்க."



"கடவுள் என்னை மன்னிச்சிருக்க மாட்டாரா?"

"மன்னிச்சிருப்பார். அவர்கிட்ட எனக்குச் சந்தேகமில்லை. பின் பெஞ்சுல பேசினவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"ரெண்டாம் ஓலை வர்ற ஞாயிறு."

"ஆமா."

"எல்லார் முன்னாலயும் எந்திரிச்சுச் சொல்லணுமா?"

"முதல்ல அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போங்க. நடந்ததைச் சொல்லுங்க. யார்கிட்டச் சொல்லணும், எங்க நின்னு சொல்லணும்னு அவளைக் கேளுங்க. அவ சொல்றதைச் செய்யுங்க."

"கதவைச் சாத்திட்டா?"

"சாத்தட்டும். அவ கதவுதானே."

"அப்புறம்?"

"மாப்பிள்ளை வீடு எந்த ஊர்னு விசாரிச்சு அங்க போங்க."

"சனிக்கிழமை வகுப்புக்கு ஒருத்திகூட வரமாட்டா மதர். முப்பது வருஷமா டீச்சர், டீச்சர்னு எந்திரிச்சு நிக்கிற ஊரு அது."

 

பதினொன்றரை பஸ் கீழே திருப்பத்தில் ஹாரன் அடித்தது. டீச்சர் செருப்பை மாட்டினார். வழக்கமாக எழுதிக்கொள்ளும் நோட்டு அன்று பையிலேயே கிடந்தது. இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"சொல்லிட்டா என் மனசு லேசாயிடுமா மதர்?"

"அது எனக்குத் தெரியாது டீச்சர். மூணாம் ஓலை வாசிப்பாங்க."