தொண்டையில் சிக்கிய எலும்பு

காட்டுக்கும் ஊருக்கும் நடுவே கோரைக்குட்டை என்றொரு குட்டை இருந்தது. அதன் கரையில் ஒரு நாய்க்கூட்டம் குடியிருந்தது. ஊர் கல்லெறிந்து துரத்தியது, காடு பல்லைக் காட்டி விரட்டியது. இரண்டுக்கும் நடுவில் அந்த நாய்களுக்கு மிஞ்சிய இடம் அது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். இரை தேடிப் போன நாய் எதுவானாலும், திரும்பி வந்ததும் வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். மற்ற நாய்கள் ஒவ்வொன்றாக வந்து அதன் வாயை மோந்து பார்க்கும். நல்ல தீனி வாசம் அடித்தால், எங்கே கிடைத்தது என்று அது சொல்லியாக வேண்டும். யாரும் ஒளித்துத் தின்னக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நல்ல வழக்கம்தான், குறை சொல்ல முடியாது.

கூட்டத்தில் மயிலி என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டை இருந்தது. அதன் மூக்குக்கு ஈடான மூக்கு அந்தக் கரையில் கிடையாது. ஐப்பசி மழையில் கரை உடைந்தபோது மயிலியின் குட்டிகள் வெள்ளத்தோடு போய்விட்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று. நொறுங்கின அரிசி மாதிரி சின்னதாக இருந்ததால் அதைக் குருணி என்று கூப்பிட்டார்கள். இந்த ஒன்றையாவது வளர்த்து ஆளாக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர மயிலிக்கு வேறு நினைப்பே இல்லை.

மார்கழி வந்தது. பனி கொட்டியது. கரையில் ஒரு பெரிய மருதமரம், அதன் வேருக்கடியில் ஒரு பொந்து. அதற்குள் பனி இறங்காது. ஆனால் அது தலைவன் கட்டையனின் இடம். கட்டையனும் அதற்கு வேண்டிய நாய்களும் உள்ளே சுருண்டு படுக்கும். மயிலி மாதிரியானவர்கள் வெளியே கோரைப்புல்லில் நனைந்துகொண்டு கிடக்க வேண்டியதுதான். குருணி தாயின் வயிற்றுக்கடியில் கிடந்து வெடவெடவென்று நடுங்கும். மயிலி அந்தப் பொந்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

பனிக்காலத்தில் தீனியும் இல்லாமல் போயிற்று. ஒருநாள் காலையில் கட்டையன் மயிலியைக் கூப்பிட்டது.

"மயிலி, உன் மூக்கு வேணும். வா, காட்டுக்கு அந்தப் பக்கம் போயிப் பாப்போம்."

இரண்டும் காட்டைச் சுற்றிக்கொண்டு சுண்ணாம்பு சுடுகிற ஒரு பழைய காளவாய்க்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே வேறொரு நாய்க்கூட்டம் இருந்தது. வெளிநாய் வந்தால் பாய்ந்து குதற வேண்டியவை, எழுந்துகூட நிற்கவில்லை. படுத்தபடி இருமிக்கொண்டிருந்தன. மூக்கில் சளி ஒழுகியது, கண்ணில் பீளை கட்டியிருந்தது. ஒரு கல்தொட்டியில் யாரோ ஊற்றிவிட்டுப் போன கஞ்சி கிடந்தது. அதைக் குடிக்கக்கூட அவற்றுக்குத் தெம்பு இல்லை.

மயிலியின் மூக்குக்கு விஷயம் எட்டிவிட்டது. அது அங்கேயே நின்றுகொண்டது.

படுத்திருந்த ஒரு கிழட்டுப் பெட்டை தலையைத் தூக்கிச் சொன்னது: "கிட்ட வராதீங்க. தொட்டியில வாய வைக்காதீங்க. இந்த இருமல்தான் எங்க குட்டிங்களையெல்லாம் கொண்டுபோயிருச்சு. மூச்சு பட்டாலே ஒட்டிக்குது."

"கஞ்சிய நீயே வச்சுக்கணும்னு பாக்கிற, அவ்வளவுதானே?" என்றது கட்டையன்.

"தலைவரே, வேண்டாம். வாங்க போயிரலாம்," என்றது மயிலி.

"இருமலுக்குப் பயந்தவன் எப்படித் தலைவனா இருக்கிறது?"

கட்டையன் நேராகப் போய்த் தொட்டியில் வாயை வைத்தது. சாகக் கிடந்தவர்களின் கஞ்சியை ஒரு சொட்டு விடாமல் நக்கிக் குடித்தது. மயிலி வாயை வைக்கவில்லை. பசியோடுதான் திரும்பியது. இரண்டும் கரைக்கு வந்து சேர்ந்தபோது நடுராத்திரி, மோந்து பார்க்க எந்த நாயும் விழித்திருக்கவில்லை.

சில நாள் கழித்து, கூட்டமெல்லாம் கூடியிருந்த வேளையில் கட்டையனுக்கு இருமல் வந்தது. லேசான இருமல் இல்லை. கழுத்தை நீட்டி, முதுகை வளைத்து, குடலே வாய்க்கு வந்துவிடும் போல இருமியது. எல்லா நாய்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தன. தலைவனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் அடுத்த நாளே யாராவது ஒருவன் கழுத்தைக் கவ்வுவான். அது கட்டையனுக்குத் தெரியாதா? அதுவும் அப்படித்தானே தலைவனானது!

"என்ன பாக்கறீங்க?" என்றது கட்டையன். "எலும்பு. தொண்டையில சிக்கிக்கிச்சு."

"எலும்பா?" என்றது மொட்டைவால். கூட்டத்தில் வாய் நீளம் அதற்கு, வால்தான் இல்லை. "இந்தப் பஞ்சத்துல எலும்பு ஏது தலைவரே?"

"காட்டுக்கு அந்தப் பக்கம் கெடைச்சது. நம்பிக்கை இல்லேன்னா மயிலியைக் கேளுங்க. கூடத்தானே வந்துச்சு."

எல்லா மூக்கும் மயிலி பக்கம் திரும்பின. கட்டையனும் திரும்பியது. முதலில் மயிலியைப் பார்த்தது. பிறகு அதன் காலடியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பார்த்தது.

"அட, குருணி ஏன் இப்படிப் பனியில கெடக்கு? இன்னிலேருந்து பொந்துக்குள்ள வந்து படுக்கட்டும். என் பக்கத்துலயே படுக்கட்டும்," என்றது.

வேண்டியது கிடைக்கும்போது அதற்குப் பதிலாக என்ன கேட்கிறார்கள் என்று யார் யோசிக்கிறார்கள்? மயிலி யோசித்தது, அதுதான் கொடுமை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தது.

"ஆமா, எலும்புதான். மாட்டெலும்பு," என்றது.

மாட்டெலும்பு என்று அதைச் சொல்லச் சொன்னவர்கள் யாரும் இல்லை. பொய் சொல்ல ஆரம்பித்தால் ஜோடனை தானாக வந்துவிடுகிறது.

அப்புறம் கேட்க வேண்டுமா? வழக்கப்படி ஒவ்வொரு நாயாக வந்து கட்டையனின் வாயை மோந்து பார்த்தது. அது இருமியது, இவை மோந்தன. "ஆகா, மூளை உள்ள எலும்பு! வாசமே தூக்குது!" என்று மொட்டைவால் நாக்கைச் சப்புக்கொட்டியது. மற்றவற்றுக்கு ஒரு வாசமும் தெரியவில்லை. ஆனாலும் தங்கள் மூக்கு மட்டம் என்று ஆகிவிடுமே என்று தலையாட்டின.

நாலைந்து நாளில் மொட்டைவால் இருமியது. அதற்குப் பெருமை பிடிபடவில்லை.

"எனக்கும் சிக்கிருச்சு!" என்றது.

"உனக்கு எங்க கெடைச்சது?"

"கெடைக்க வேண்டியவனுக்குக் கெடைக்கும்."

அதன் வாயையும் எல்லாம் மோந்து பார்த்தன. பிறகு இன்னொன்று இருமியது, பிறகு இன்னொன்று. கோரைக்குட்டையில் இருமல் ஒரு அந்தஸ்தாகிவிட்டது. இருமுகிற நாய் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. இருமாத நாய் வக்கில்லாதது என்று பேர் வாங்கியது. தெம்பாக இருந்த சில நாய்கள் மானத்துக்கு அஞ்சிப் பொய்யாக இருமின. அவையும் வெகுநாள் பொய்யாக இரும வேண்டியிருக்கவில்லை.

மருதமரத்துக் கிளையில் ஒரு காகம் இருந்தது. செத்ததைத் தின்று பிழைக்கிற காகம். அது கீழே எட்டிப் பார்த்துக் கேட்டது:

"ஏம்ப்பா, எந்த மாட்டெலும்பு? இந்தக் காட்டுல ஒரு மாடு செத்தா எனக்குத் தெரியாமப் போகுமா? நானே வயித்தைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். எலும்பு எங்க?"

"பொறாமை பிடிச்ச காக்கா!" என்று நாய்கள் குரைத்தன.

காகம் மயிலியைப் பார்த்தது. "நீ சொல்லு மயிலி. நீதான் சாட்சியாம்ல?"

மயிலி காது கேட்காத மாதிரி குனிந்து முன்னங்காலை நக்கியது.

அதற்கு நிம்மதி இல்லை. ஆனால் குருணி இப்போது நடுங்கவில்லை. பொந்துக்குள் கதகதப்பாகத் தூங்கியது, கொஞ்சம் சதைகூடப் போட்டிருந்தது. அந்த வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் மயிலி தனக்குத் தானே ஏதாவது சொல்லிக்கொள்ளும். கட்டையன் அந்தப் பக்கம் திரும்பித்தானே படுக்கிறது என்று சொல்லிக்கொள்ளும். எல்லாருக்கும் வருவது எல்லாருக்கும் போய்விடும் என்று சொல்லிக்கொள்ளும். ஒருநாள் குட்டியைத் தனியாகக் கூப்பிட்டது.

"குருணி, தலைவர் இருமினா மூஞ்சியத் திருப்பிக்க. அவர் வாய மோந்து பாக்காத."

"எல்லாரும் மோந்து பாக்கறாங்களேம்மா. நான் மட்டும் பாக்கலேன்னா கோவிச்சுக்க மாட்டாரா?"

"நான் சொல்றதைக் கேளு."

"ஏம்மா?"

ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொன்னால் பொந்து போய்விடும். "சும்மாதான்," என்று சொல்லி மயிலி குட்டியை அனுப்பிவிட்டது.

கூட்டத்தில் இரண்டு நாய்கள் எழுந்திருக்கவில்லை. சளி அடைத்து, மூச்சு விட முடியாமல் செத்துப்போயின. "எலும்பு வயித்துக்குள்ள எறங்கி குடலைக் குத்திருச்சு," என்றது கட்டையன். மற்றவை அதையும் நம்பின. எலும்பை நம்பியவர்களுக்கு அதற்கு மேல் என்ன கஷ்டம்?

ஒருநாள் காலை வெயில் ஏறியபோது குருணி பொந்திலிருந்து துள்ளிக்கொண்டு வந்தது. தாயின் முன்னால் வந்து காலை அகட்டி நின்றது. கழுத்தை நீட்டியது, முதுகை வளைத்தது, இருமியது. மூக்கில் சளி எட்டிப் பார்த்தது.

"அம்மா, எனக்கும் எலும்பு சிக்கிருச்சு," என்றது. அதன் கண்ணில் அத்தனை சந்தோஷம்.

மயிலி ஓடிப்போய்க் கரைமேட்டில் ஏறி நின்று, கூட்டமே திரும்பும்படி குரைத்தது.

"எல்லாரும் கேளுங்க. எலும்பு கிடையாது, ஒண்ணும் கிடையாது. இது நோவு. காளவாய் நாய்ங்க இருமிச் செத்துட்டிருந்ததுங்க. அதுங்க தொட்டியில இருந்த கஞ்சியத் தலைவர் குடிச்சாரு. நான் பாத்தேன். யாரும் யார் வாயையும் மோந்து பாக்காதீங்க. தள்ளித் தள்ளிப் போய்ப் படுங்க. உங்க குட்டிங்கள எடுத்துக்கிட்டு ஓடுங்க."

கட்டையன் மெதுவாக எழுந்து வந்தது. இருமலை அடக்கிக்கொண்டு கேட்டது:

"அன்னிக்கு மாட்டெலும்புன்னு சொன்னது யாரு, நானா நீயா?"

மயிலி மேட்டிலிருந்து இறங்கிக் குருணியின் பக்கத்தில் வந்து நின்றது.

"நான் எலும்புன்னுதான் சொன்னேன். மாட்டெலும்புன்னு நீதான் சொன்ன. அன்னிக்குப் பொய்யா, இன்னிக்குப் பொய்யா?"

"அன்னிக்குத்தான் பொய். என் குட்டிக்காகச் சொன்னேன்."

"இன்னிக்கும் குட்டிக்காகத்தான் சொல்றா!" என்று கத்தியது மொட்டைவால். கத்தியதும் இருமல் வந்து மூச்சு திணறியது, ஆனாலும் விடவில்லை. "புரியலையா உங்களுக்கு? குருணிக்கு எலும்பு கெடைச்சிருச்சு. மத்தவங்க மோந்து பாத்தா எங்க கெடைச்சதுன்னு சொல்லணுமே, அதான் நோவுங்கறா. ஒளிச்சுத் தின்னப் பாக்கறா."

ஒளித்துத் தின்பது என்ற பேச்சைக் கேட்டதும் கூட்டம் முழுக்கச் சிலிர்த்துக்கொண்டது. இருமுகிறவை, இருமாதவை எல்லாம் எழுந்து வந்தன. மயிலி பல்லைக் காட்டிக் குட்டியை மறைத்து நின்றது. நாலு தடி நாய்கள் அதன் கழுத்தைக் கவ்வித் தரையில் அழுத்திக்கொண்டன.

"வாயத் தெற, குருணி," என்றது கட்டையன்.

குருணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அத்தனை பெரிய நாய்களும் தனக்காக வரிசையில் நிற்பதைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து யாரும் அதை ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அது காலை அகட்டி, தலையை நிமிர்த்தி, வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்துகொண்டு நின்றது. ஒவ்வொரு நாயாக வந்து மூக்கை உள்ளே விட்டு மோந்தது. பின்னால் மற்றத் தாய்நாய்களும் தங்கள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வந்து மோந்து பார்க்கச் செய்தன.

மயிலி தரையில் கிடந்தபடி அத்தனையையும் பார்த்தது.

குருணி கொஞ்ச நாள்தான் இருந்தது. கடைசியில் அதற்குப் பொந்து வேண்டாமாயிற்று, தாயின் வயிறுதான் வேண்டியிருந்தது. "எலும்பு எப்பம்மா எறங்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. "எறங்கிரும்மா, எறங்கிரும்," என்று மயிலி அதன் மூக்கை நக்கி நக்கிச் சளியைத் துடைத்தது.

மயிலிக்கும் இருமல் வந்தது. குட்டியோடு தானும் போய்விடலாம் என்று நினைத்தது. ஆனால் அதன் இருமல் வந்தபடியே போய்விட்டது. கட்டையனும் பிழைத்துக்கொண்டது. பிழைத்த இரண்டு மூன்று நாய்களைச் சேர்த்துக்கொண்டு வேறு குட்டை தேடிப் போனது. போன இடத்தில் மாட்டெலும்புக் கதையைச் சொல்லித் தலைவனாகவும் ஆகிவிட்டதாகக் கேள்வி.

கோரைக்குட்டைக் கரையில் மயிலி மட்டும் தங்கியது. மருதமரத்துப் பொந்து காலியாகக் கிடந்தது, படுக்கச் சொல்ல ஆளில்லை, படுக்கக் கூடாது என்று சொல்லவும் ஆளில்லை. மயிலி அதற்குள் போகவில்லை. கோரைப்புல்லில் குருணி கிடந்த இடத்தை விட்டு நகரவில்லை.

காகம் கிளையிலிருந்து இறங்கி வந்து சற்றுத் தள்ளி உட்கார்ந்தது. அதற்கு நன்றாகச் சதை வைத்திருந்தது.

"அன்னிக்கு எலும்பு எங்கன்னு உன்னைத்தான் கேட்டேன் மயிலி," என்றது. "இப்ப கரை பூரா எலும்புதான். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

தன் ஒரு குட்டியின் சுகத்துக்காக நோய்க்குப் பொய்ப்பெயர் சொன்னவர், பிறகு எவ்வளவு உரக்க உண்மையைக் கத்தினாலும், அது ஊரையும் காப்பாற்றாது, அந்தக் குட்டியையும் காப்பாற்றாது.