நீர்முள்ளி முளைக்காத பாத்தி

சித்த மருத்துவர் பாத்திமுத்துவிடம் பாடம் கேட்க வந்தபோது தனுஷ்கோடிக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பாத்திமுத்துவுக்கு வேதியியல் நடத்தியவரே அவர்தான். இப்போது மாணவி குரு, வாத்தியார் சீடர். ஆனாலும் 'சார்' என்று கூப்பிடுவதைக் குரு விடவில்லை. மல்லுக்கட்டுவதைச் சீடரும் விடவில்லை.

அன்று காலை சீசாவும் கையுமாக வந்து நின்றார்.

"சீமைக்கருவேல இலைச் சாறும்மா. ஆறாத புண்ணுல இருக்கிற கிருமிமேல இதை விட்டுக் கல்லூரி ஆய்வகத்துல பார்த்தாச்சு. ஒண்ணுகூடப் பிழைக்கலை."

"நல்ல சேதி சார்."

"என்ன நல்ல சேதி? நாளைக்குக் கண்மாய்க்குள்ள ஜேசிபி இறங்குது. மொத்தக் கருவேலத்தையும் வேரோட பிடுங்கப் போறாங்க. சாயங்காலம் ஊர்க்கூட்டத்துல நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுடும்."

"எதுக்கு நிக்கணும்?"

"தண்ணியைக் குடிக்குது, தண்ணியைக் குடிக்குதுன்னு ஊரே அதைக் கரிச்சுக் கொட்டுது. உள்ளே என்ன சரக்கு இருக்குன்னு ஒருத்தராவது பார்த்தாங்களா? நான் பார்த்தேன். எனக்குக் கேட்கற உரிமை இருக்கு."

பாத்திமுத்து மருந்து அலமாரியைத் திறந்து ஒரு காலி டப்பாவை எடுத்தார்.

"கால் வீக்கத்துக்குக் கொடுக்கற நீர்முள்ளி தீர்ந்துபோச்சு. கண்மாய்க் கரையில இருக்குமா சார்?"

"அங்க ஏது? முன்னாடி கரை முழுக்க அதுதான். கருவேலம் அடைச்ச பிறகு மருந்துக்குக்கூட இல்லை."

"நீங்க போட்ட பாத்தி?"

தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது. "ஒரு விதையும் முளைக்கலை. எல்லாம் சொத்தை. நேத்துத்தான் விதைக்கடையில போய்ச் சத்தம் போட்டுட்டு வந்தேன்."

"வாங்க, ஒண்ணு காட்டறேன்."

கொல்லையில் கிணற்றடியில் ஓர் உடைந்த சட்டி இருந்தது. அதில் நீர்முள்ளிக் கன்றுகள் நெருக்கியடித்து நின்றன.

"இது எந்தக் கடை விதை?" என்றார் தனுஷ்கோடி.

"உங்க பொட்டலத்துல மிச்சம் இருந்ததுதான்."

"தண்ணி?"

"கிணத்துத் தண்ணி. நீங்க என்ன ஊத்தினீங்க?"

தனுஷ்கோடி மெல்லச் சொன்னார்.

"சாறு வடிகட்டின துணி, சீசா எல்லாம் கழுவின தண்ணி. வீணாப் போகுதேன்னு பாத்தியில ஊத்திட்டேன்."

"எந்தச் சோதனை பண்ணாலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துல இன்னொண்ணு வைக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க? அதான் வெச்சேன்."

கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார் தனுஷ்கோடி. கையிலிருந்த சீசாவையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை.

"அப்போ இதுல மருந்தே இல்லைங்கறீங்களா?"

"யார் சொன்னா? நல்லாவே இருக்கு. ஆராய்ச்சியை விட்டுடாதீங்க."

"எப்படிப் பண்றது? நாளைக்கு எல்லாத்தையும் பிடுங்கிட்டா, இலைக்கு நான் எங்க போவேன்?"

பாத்திமுத்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டு சட்டியில் ஊற்றினார்.

"அந்தக் கவலையே வேணாம் சார். எத்தனை தடவை பிடுங்கினாலும் அது தானா வந்துடும். கூட்டத்துல இந்தச் சட்டிக்காகப் பேசத்தான் ஆள் இல்லை."