மெனக்கேடு

“எல்லாம் வீணாப் போச்சு அம்மா,” என்றார் ஆவுடையப்பன்.

எழுதிக்கொண்டிருந்த பூஷணி அம்மா தலை நிமிர்ந்தார்.

ஆவுடையப்பனுக்குச் சங்கரன்கோவிலில் தையல்கடை. செவ்வாய்க்கிழமைதோறும் மலையடி மடத்துக்கு வந்து பூஷணி அம்மாவிடம் பாட்டும் பொருளுமாகப் பாடம் கேட்பார். ஆசிரியையைவிட மாணவருக்கு வயது கூடுதல். அவர் ‘அம்மா’ என்று கூப்பிடுவார். பூஷணி அம்மா ‘அண்ணை’ என்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக்காலத்தில் படகேறி வந்தவர். ஊர் போனாலும் ஊர்ப்பேச்சு போகவில்லை.

அந்த முறை ஆவுடையப்பன் பாடம் கேட்க வரவில்லை. தம்பியை எரித்துவிட்டு வந்திருந்தார்.

தம்பி சங்கரநயினார் குடியில் விழுந்தவன். அண்ணன் அவனைத் தூக்கி நிறுத்தப் பார்க்காத வழியில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கோயிலில் கயிறு கட்டினார். குடியை நிறுத்தும் விடுதியில் சேர்த்து, வாசலிலேயே காத்துக் கிடந்தார். அவன் தப்பி ஓடும்போதெல்லாம் கடையைப் பூட்டிவிட்டுத் தேடப் போனார். கல்யாணத் துணி கொடுத்தவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். அப்புறம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

வைகாசியில் தம்பி செத்துப்போனான். ஈரல் போய்விட்டது. தலை அண்ணன் மடியில் இருந்தது.

“எவ்வளவு மெனக்கெட்டேன்,” என்றார் ஆவுடையப்பன். “என்ன பிரயோசனம்?”

பூஷணி அம்மா பேனாவை மூடினார்.

“மெனக்கெடுறது எண்டா உங்கட ஊரில என்ன அண்ணை?”

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி என்று அவருக்குத் தோன்றியது. ஆனாலும் சொன்னார். “பாடுபடுறது. ஒருத்தருக்காக விழுந்து விழுந்து செய்யறது.”

“எங்கட ஊரில மினக்கெடுறது எண்டா நேரத்தை வீணாக்கிறது. அம்மா கடைக்கு அனுப்பேக்க, ‘மினக்கெடாமல் வா’ எண்டு சொல்லி விடுவா.”

“ஒரே சொல்லா?”

“ஒரே சொல்தான். வினை கெடுறது. விழி முழி ஆன மாதிரி, விழுங்கிறது முழுங்கிறது ஆன மாதிரி, வினைக்கேடு மினக்கேடாச்சு எண்டு என்ர வாத்தியார் சொல்லுவார். செய்ய வேண்டிய சொந்த வேலை கெட்டுப்போறது. அவ்வளவுதான் சொல்லில இருக்கு.”

ஆவுடையப்பன் முகம் சிவந்தது.

“அப்போ நான் செஞ்சது வெட்டி வேலைங்கிறீங்களா?”

பூஷணி அம்மா தாள்களைச் சேர்த்துத் துணியில் கட்டினார். சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், தானே எழுந்துபோய்ப் புட்டு அவித்துக் கொண்டுவந்து வைத்தார்.

அவர் சாப்பிடவில்லை.

பூஷணி அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். புட்டு ஆறிக் காய்ந்தது.

*

ஆவுடையப்பன் வீடு திரும்பவில்லை. மனைவி கோமதியம்மாள் ஆள் விட்டுப் பார்த்தாள். மடத்திலேயே இருக்கட்டும் என்று பூஷணி அம்மா சொல்லி அனுப்பினார்.

ஒருநாள் காலை செல்லத்தாய் அவரிடம் வந்தாள். மடத்தின் அடுப்படியைப் பார்த்துக்கொள்பவள்.

அம்மாவை எழுத விடுங்கள் என்றாள். அம்மாவுக்குப் போன மாசியில் ஒரு பக்கம் மரத்துப்போய்த் தெளிந்ததாம். இன்னொரு தரம் வரும், அது பெரிதாக வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மாவின் வாத்தியார் பாடிய பாட்டுகள் எல்லோரிடமும் இருக்கின்றன. அவற்றுக்கு அவர் சொன்ன பொருள் அம்மாவிடம் மட்டும்தான் இருக்கிறது. கூடக் கேட்டவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை. அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார். காலையில் மட்டும்தான் அவருக்குத் தலை தெளிவாக இருக்கும். அந்தக் காலையெல்லாம் இப்போது உங்களோடு குளக்கரையில் போகிறது.

ஆவுடையப்பன் அப்போதே பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வாசலில் பூஷணி அம்மா நின்றார்.

“நாளைக்குப் போகலாம் அண்ணை.”

“நீங்க எழுதணும்.”

“ஓம். எழுத வேணும். இப்ப குளத்தடிக்கு வாங்கோ.”

வந்த மறுநாளே ஆவுடையப்பன் மடத்துக் கிணற்றின் விளிம்பில் உட்கார்ந்து வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததைப் பூஷணி அம்மா கண்டிருந்தார். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவரைத் தனியே விடவில்லை.

குளக்கரையில் ஆவுடையப்பன் தம்பியைப் பற்றியே பேசுவார். சொன்னதையே திரும்பச் சொல்வார். எந்த டாக்டரிடம் முதலில் போயிருக்க வேண்டும், எந்த இடத்தில் தவறிப்போனது என்று தையலைப் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டே போவார். பூஷணி அம்மா கேட்டுக்கொண்டிருப்பார். தேற்றவில்லை. பாட்டு ஒன்றும் சொல்லவில்லை. சில சமயம், “பிறகு?” என்பார்.

ஆனி போயிற்று. ஆடி போயிற்று.

ஒரு காலையில் ஆவுடையப்பன் வேறொன்று சொன்னார். சின்ன வயதில் தம்பி கோயில் யானையைப் பார்த்துப் பயந்து, அண்ணனின் வேட்டிக்குள் புகுந்துகொண்டானாம். வேட்டி அவிழ்ந்து, தேரோடும் வீதியில் அண்ணன் கோவணத்தோடு நின்றாராம். சொல்லும்போதே ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. எரித்த நாளிலிருந்து அவர் அழுதிருக்கவில்லை.

அன்று மத்தியானம் இலையில் வைத்ததைச் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

செல்லத்தாய் ஊற்றினாள். பூஷணி அம்மா எழுந்துபோய்த் துணிக்கட்டை அவிழ்த்தார். பேனாவைத் திறந்தார்.

அது கையில் நிற்கவில்லை.

*

திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது பூஷணி அம்மாவுக்கு வலக்கையும் வலக்காலும் இல்லாதவை போல ஆகியிருந்தன. பேச்சு மெல்ல மெல்ல வந்தது. நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்று ஆவுடையப்பன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பூஷணி அம்மா ஒரு பாட்டை முழுதாகச் சொன்னார். பிறகு நிறுத்தினார். நெற்றியைச் சுருக்கினார். காத்திருந்தார்கள்.

“பாட்டு வருது. பொருள் வரேல்லை.”

அடுத்த பாட்டைச் சொன்னார். அதிலும் அப்படித்தான்.

செல்லத்தாய் தாள்களைத் துணியில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தபடி சொன்னார். “என்னால உங்க வேலை கெட்டுப்போச்சு.”

“ஓம்,” என்றார் பூஷணி அம்மா.

ஆவுடையப்பன் வேறு பதிலை எதிர்பார்த்திருந்தார்.

“அம்மாவுக்கு வருத்தமா இருக்கா?”

“இருக்கு அண்ணை. நிறைய இருக்கு.”

கண் ஓரத்திலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது. துடைக்க வலக்கை எழவில்லை. ஆவுடையப்பன் தோளிலிருந்த துண்டால் துடைத்தார்.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் மடத்திலேயே தங்கினார். செல்லத்தாயோடு சேர்ந்து நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தார். காலுக்கு எண்ணெய் தேய்த்தார். கஞ்சி ஊட்டினார். பாதி வெளியே வழியும். வழித்து மறுபடி ஊட்டுவார். தேறிவருவார் என்று டாக்டர் சொல்லவில்லை.

ஐப்பசி பிறந்ததும் கோமதியம்மாளே நேரில் வந்தாள். விட்டுப்போன வாடிக்கையெல்லாம் திரும்பி வந்திருக்கிறது, கடை நிறையத் தீபாவளித் துணி கிடக்கிறது, இப்போது விட்டால் இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். சொல்லிவிட்டுப் படுத்திருப்பவரைப் பார்த்தாள். வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டாள்.

பூஷணி அம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

“போங்கோ அண்ணை,” என்றார். நாக்குக் குழறியது. “நான் இனி எழும்ப மாட்டன். இஞ்ச இருந்து மினக்கெடாதேங்கோ.”

ஆவுடையப்பன் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊதினார்.

“உங்க ஊர்ப் பேச்சு எனக்குப் புரியல அம்மா. வாயைத் திறங்க.”