கொடியில் ஒரு துண்டு

“நாற்பது நாள் உபவாசம் இருக்கலாம்னு வந்திருக்கேன் சிஸ்டர்” என்றார் அருமைநாயகம்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. ஞாயிறுதோறும் சுற்றுவட்டாரச் சபைகளில் பிரசங்கம் செய்கிறவர். மலையடிவாரத்தில் சின்ன ஜெப வீடு ஒன்றை நடத்தும் சகோதரி பியூலா, அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“எதுக்கு அண்ணாச்சி?”

“இச்சையடக்கம் வேணும், கோபத்தை அடக்கணும். அதைப் பத்தி ஊர் ஊராப் பேசுறேன். எனக்கு வரமாட்டேங்குது.”

பிறகு மெல்ல விஷயத்தைச் சொன்னார்.

ஐந்து வாரத்துக்கு முன்பு, ஆராதனைக்குக் கிளம்பத் தாமதமாகிவிட்டது. கோயில் வாசலில், சபையார் முன்னால், மனைவி சொர்ணபாயைச் சத்தம் போட்டுவிட்டார். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போன சொர்ணபாய் பிறகு கோயிலுக்கு வரவே இல்லை. வீட்டிலும் பேச்சில்லை.

“சாப்பாடு எடுத்து வச்சிருக்குன்னு சொல்லுவா. அவ்வளவுதான்.”

பியூலா கேட்டார்:

“குளிச்சதும் ஈரத் துண்டை எங்கே போடுவீங்க?”

“கட்டில்ல.”

“யாரு எடுக்கிறது?”

“அவதான்.”

“நாற்பது நாள் நீங்களே கொல்லைக்குக் கொண்டுபோய்க் கொடியில போடுங்க. ஒரு நாள் விட்டாலும் மறுபடி ஒண்ணுல இருந்து.”

அருமைநாயகம் காத்திருந்தார். வேறு எதுவும் வரவில்லை.

“இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?”

“மத்தியானம் ஒரு பஸ் இருக்கு அண்ணாச்சி.”

ஒன்பதாம் நாள் வந்து நின்றார்.

“எட்டு நாள் ஒழுங்காப் போட்டேன். இன்னிக்குக் காலையில சபைக் கமிட்டிக்காரர் போன் பண்ணிட்டார். பேசிக்கிட்டே கட்டில்ல போட்டுட்டேன். இதையெல்லாம் கணக்குல எடுக்கணுமா?”

“ஒண்ணுல இருந்து.”

“சிஸ்டர், நான் வேதாகமத்தை நாலு தடவை முழுசா வாசிச்சவன்.”

“துண்டுக்கு அது தெரியாது.”

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இருபது நாள் கழித்து மறுபடி வந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

“கொடி முழுக்கச் சேலையும் போர்வையும். இடமில்ல. அப்புறம் போடலாம்னு வச்சேன், மறந்துட்டேன். பத்தொன்பது நாள் போச்சு.”

“ம்.”

“மறுபடியும் ஒண்ணா?”

“ஆமா.”

“ஜெபத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறீங்க. உபவாசத்தைப் பத்திச் சொல்ல மாட்டேங்கறீங்க. ஆண்டவர் துண்டைப் பத்தி எங்கேயாவது சொல்லியிருக்காரா?”

“சொல்லல. சீஷர்களோட காலைக் கழுவுறதுக்கு முன்னாடி இடுப்புல கட்டிக்கிட்டார்.”

வருடம் தவறாமல் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று அருமைநாயகம் பிரசங்கிக்கும் பகுதி அது.

அடுத்த முறை வந்தபோது உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

“நாற்பது ஆச்சா?” என்றார் பியூலா.

“இருபத்திரண்டு.”

“விட்டுட்டீங்களா?”

“விடல.”

“பின்னே?”

“நேத்து ஒரு கல்யாணத்துல ஜெபம் பண்ணப் போகணும். குளிச்சிட்டு வந்து பார்த்தா சட்டை தேய்க்கல. கத்தணும்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. கையில துண்டு இருந்தது. சரி, இந்தச் சனியனை முதல்ல போட்டுட்டு வந்து கத்துவோம்னு கொல்லைக்குப் போனேன்.”

“போட்டீங்களா?”

“போட்டேன். காத்தடிச்சுது, கிளிப் தேடி எடுத்து மாட்டினேன். உள்ளே வந்தேன். கத்த வந்தது வரல சிஸ்டர். அப்படியே நின்னேன். அப்புறம் சட்டையை நானே தேய்ச்சேன்.”

“சொர்ணபாய் அக்கா பார்த்தாங்களா?”

“பார்த்துக்கிட்டுதான் இருந்தா. நேரா கொல்லைக்குப் போனா. இத்தனை நாள் பேசாதவ அங்கேயிருந்து சத்தம் போடுறா. ரெண்டு மாசமா ஈரத் துண்டைச் சுருட்டிச் சுருட்டிப் போடுறீங்களே, இழுத்து விரிச்சுப் போடத் தெரியாதா, வீடெல்லாம் ஒரே நாத்தம்னு. தெருவுக்கே கேட்டிருக்கும்.”



“நீங்க என்ன சொன்னீங்க?”

“போய் விரிச்சுப் போட்டேன்.”