மூன்று விரல் உயரம்

ஆலங்காயத்தில் ரெஜினாவை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நெல் மண்டிக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் வண்டி ஓட்டக் கற்றுத் தருகிறார். வயது முப்பத்தாறு. அவரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முதன்முதலாக வண்டியைத் தொடுகிறவர்கள்.

திருஞானம் அப்படி வரவில்லை. ஐம்பத்தொரு வயதில், இருபத்தாறு வருடம் பைக் ஓட்டிய பிறகு வந்தார்.

அவர் கால்நடை ஆய்வாளர். ஜவ்வாது மலைமேல் பதினான்கு ஊர்களின் மாடுகளுக்கு ஊசி போடுவதும் சினை பார்ப்பதும் அவர் வேலை. போன ஆடியில் ஒரு பசு மிரண்டு அவர்மேல் சாய்ந்ததில் வலது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவர ஐந்து மாதம் ஆனது. நன்றாகவே கூடியது. ஆனால் பாதம் முன்போல மேலே மடங்கவில்லை. இதற்குமேல் வராது, நடக்க இது போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நடக்கப் போதுமாகத்தான் இருந்தது. வண்டியில் ஏறிய முதல் வாரம், மலைப்பாதையில் எதிரே பஸ் வந்தது. கை முன் பிரேக்கைப் பிடித்துவிட்டது, கால் பின் பிரேக்குக்கு வந்து சேரவில்லை. முன் சக்கரம் சரளையில் வழுக்கி, ஓரத்துச் சுவரில் மோதி விழுந்தார். சிராய்ப்போடு போயிற்று. அடுத்த வாரம், விறகுச் சுமையோடு பாதையைக் கடந்த ஒரு பெண்ணுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. அந்தப் பெண் தலைச்சுமையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். அன்று வண்டியை மலையடிவாரம் வரை தள்ளிக்கொண்டே வந்தவர், பிறகு அதைத் தொடவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். அலுவலகத்திலேயே எழுத்து வேலை இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மனைவியும் அதையே சொன்னார். ஆனால் பக்கத்து மலையில் மாடுகளுக்குக் கோமாரி நோய் வந்துவிட்டது என்று செய்தி. திங்கட்கிழமை தடுப்பூசி தொடங்க வேண்டும். மலைக்காரர்கள் தினமும் போன் செய்து, நீங்கள்தானே வருகிறீர்கள் என்று கேட்டார்கள். திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார் அதிகாரி.

அதனால்தான் மாஸ்டரிடம் வந்தார். சின்ன விபத்து, ஆறிவிட்டது, பயம்தான் போகவில்லை என்று மட்டும் சொன்னார். கால் மடங்காததைச் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஐந்து நாள் ஓட்டினார். மைதானத்தில் பிளாஸ்டிக் கேன்களை வரிசையாக வைத்து, மாஸ்டர் கை காட்டும் இடத்தில் நிறுத்தச் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஒரு கேனைத் தாண்டித்தான் வண்டி நின்றது. தூரத்தில் பாருங்கள், பயப்படாதீர்கள், மனதை ஒருமுகப்படுத்துங்கள் என்று மாஸ்டர் சொன்னதற்கெல்லாம் திருஞானம் தலையாட்டினார். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து தரையை மிதித்து மிதித்துப் பழகினார். ஐந்தாம் நாள் மூன்று கேன்களை இடித்துத் தள்ளினார்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. முதல் சுற்றிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மாஸ்டர், என்கிட்ட எது குறையுது? பழக்கமா, தைரியமா?"

மாஸ்டர் அருகில் வந்தார். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடச் சொன்னார். ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறி உட்காரச் சொன்னார். வீட்டில் முக்காலிமேல் கால் வைப்பதுபோல, எப்படி வசதியோ அப்படி வைத்துக்கொண்டு கண்ணை மூடச் சொன்னார்.

பிறகு வண்டியின் வலது பக்கம் மண்ணில் குந்தி உட்கார்ந்தார்.

பாதம் ஃபுட்ரெஸ்ட்டில் இருந்தது. பிரேக் பெடல் அதற்கு மேலே இருந்தது. பாதத்துக்கும் பெடலுக்கும் நடுவே மாஸ்டர் விரல்களை வைத்துப் பார்த்தார். மூன்று விரல் போயிற்று.

"பிரேக்" என்றார்.

திருஞானத்தின் பாதம் மடங்கவில்லை. இடுப்பிலிருந்து முழுக் காலும் எழும்பி, ஃபுட்ரெஸ்ட்டை விட்டு, பெடல்மேல் ஏறி, அதன் பிறகுதான் அழுத்தியது.

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சு நாளா உங்க முகத்தையே பார்த்துட்டு இருந்திருக்கேன் சார். காலைப் பார்க்கலை. தப்பு என்னுது."

திருஞானம் கண்ணைத் திறந்தார். டாக்டர் சொன்னதை அப்போதுதான் சொன்னார். இந்தக் கால் இனி இவ்வளவுதான் என்றார். மாஸ்டர் கேட்டுக்கொண்டே எழுந்து போய் இரண்டு ஸ்பேனர்கள் எடுத்துவந்தார்.

"என்ன பண்ணப் போறீங்க?"

"பெடலை இறக்கப் போறேன்."

"அது கம்பெனியில வெச்ச இடமாச்சே."

"உங்க காலைப் பார்த்தா வெச்சாங்க?"

பெடலின் அடிப்பக்கம், அது ஓரளவுக்குமேல் எழாமல் தடுத்துக்கொண்டு ஒரு சின்ன போல்ட் இருந்தது. இருபத்தாறு வருடத்தில் திருஞானம் அதைக் கவனித்ததே இல்லை. மாஸ்டர் அதன் பூட்டு நட்டைத் தளர்த்தி, போல்ட்டை ஒவ்வொரு சுற்றாகத் திருகினார். பெடல் மெல்ல இறங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் காலை வைத்துப் பார்க்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றார் திருஞானம். பாதத்தைத் தூக்காமலே கட்டைவிரலின் அடிப்பகுதி பெடலில் போய் உட்கார்ந்தபோது பேச்சை நிறுத்திவிட்டார்.

உடனே கிளம்பிப் பார்க்கலாமா என்று கேட்டார். பின் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள் என்றார் மாஸ்டர். சுற்றினார். சக்கரம் அரைச் சுற்று போய்ப் பிடித்துக்கொண்டது. பெடல் இறங்கியதால் பிரேக் இப்போது எந்நேரமும் லேசாகப் பிடித்தபடி இருந்தது. மாஸ்டர் பின்னால் போய், பிரேக் கம்பியின் முனையிலிருந்த நட்டைத் தளர்த்தினார். மறுபடி சுற்றச் சொன்னார். இந்தமுறை சக்கரம் தடையில்லாமல் ஓடி, தானாக நின்றது. கடைசியில் திருஞானத்தைப் பெடலைத் தொடச் சொல்லிவிட்டு, பின்னால் சிவப்பு விளக்கு எரியும்வரை அதன் சுவிட்சையும் திருகிச் சரிசெய்தார்.

"நாம நிக்கிறது பின்னாடி வர்றவங்களுக்கும் தெரியணும்ல."

பூட்டு நட்டை இறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். மைதானத்தில் நான்கு சுற்று. நான்கு முறையும் கை காட்டிய கேனுக்கு முன்னால் வண்டி நின்றது.

"மலைக்குப் போலாம்" என்று சொல்லி மாஸ்டர் பின்னால் ஏறிக்கொண்டார்.

சுவரில் மோதிய வளைவு வந்தபோது திருஞானத்தின் தோள் இறுகியதை மாஸ்டர் பார்த்தார். வளைவு கடந்தது. அதற்கும் மேலே இரண்டு வளைவு தாண்டி, ஒரு லோடு வண்டியிலிருந்து புளி மூட்டைகள் சரிந்து பாதி ரோட்டை அடைத்துக் கிடந்தன. டிரைவர் நடுரோட்டில் குனிந்து மூட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பைக் நின்றது. டிரைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடுவில் பத்தடி இருந்தது.

நின்ற பிறகுதான் திருஞானம் தன் காலைக் குனிந்து பார்த்தார். அது எப்போது அழுத்தியது என்று அவருக்கே தெரியவில்லை. இன்ஜினை அணைத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு இறங்கிப் போய் டிரைவரோடு சேர்ந்து மூட்டைகளை ஓரத்துக்கு நகர்த்தினார். திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. சட்டையெல்லாம் புளியும் தூசியும். அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை ஊசிப் பெட்டியைத் தயாராக வையுங்கள், நான் போகிறேன் என்றார். மனைவிக்கும் போன் செய்தார். அந்தப் பக்கம் நிறையக் கேள்வி கேட்டார்கள் போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றார்.

மாஸ்டர் ரோட்டோரச் சுவரில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருஞானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கால் என்னைக்காவது சரியாயிட்டா, மாஸ்டர்?"

"பெடலை ஏத்திக்கலாம்."

"இன்னும் மோசமானா?"

"இன்னும் கொஞ்சம் இறக்கலாம். போல்ட்ல இடம் இருக்கு."

திருஞானம் யோசித்தார்.

"அந்த இடமும் தீர்ந்துட்டா?"

"வேற வண்டி பார்க்கலாம் சார்" என்றார் மாஸ்டர். "மலை எங்கயும் போயிடாது."